புற்றணு இல்லாமலேயே உயர்ந்த மின்தடை

தங்க மின்முனையின் மீது எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றணுக்கள் கலந்த 10 மைக்ரோலிட்டர் துளியை வைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு அளந்தபோது, மின்னூட்டப் பரிமாற்றத் தடை 2.1 கிலோஓமிலிருந்து 6.4 கிலோஓமுக்கு ஏறியிருந்தது. கணினித் திரையில், அந்தத் தடையை அரைவட்டத்தின் அகலமாகக் காட்டும் நைக்விஸ்ட் வரைபடத்தின் அரைவட்டம் மூன்று மடங்கு பெருத்து நின்றதைக் கண்டு, திட்டத்தின் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்றே நானும் என்னுடன் பணியாற்றிய முதுகலை மாணவரும் நம்பினோம். அந்த உயர்வுக்கும் புற்றணுக்களுக்கும் ஏறக்குறைய எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அறிந்துகொள்ள எங்களுக்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களிலும் அதற்குப் பின்னரும் செய்தவற்றை, இதே வேலையில் இறங்க எண்ணுபவர்களுக்காக அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

நாங்கள் கட்ட முயன்றது, நொதியோ நுண்துகளோ சேர்த்து மின்குறிகையைப் பெருக்காமல், மின்மறுப்பின், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு எதிரான தடையின், மாற்றத்தை மட்டும் நம்பும் எளிய உணரி. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்க வட்டின் மீது ஏஎஸ்1411 என்னும் 26 காரங்கள் கொண்ட டிஎன்ஏ இழை, தன் முனையிலுள்ள கந்தகத்தால் ஒட்டி நிற்கும். குவானின் மிகுந்த இந்த இழை, பொட்டாசியம் அயனிகள் உள்ள கரைசலில் நான்கிழைக் கட்டமைப்பாக மடிந்துகொண்டு, நியூக்ளியோலின் என்னும் புரதத்தைப் பற்றும். நியூக்ளியோலின் எல்லாச் செல்களின் உட்கருவிலும் இருப்பதுதான் என்றாலும், பல வகைப் புற்றணுக்களில் அது வெளிச்சவ்வின் மீதும் காணப்படுகிறது என்பதே இந்தத் தேர்வுக்குக் காரணம். இப்படி ஓர் இலக்கைப் பற்றும் இழைகளான ஆப்டமர்கள் பெரும்பாலும் 1990-இல் அறிமுகமான செலெக்ஸ் முறையால், கோடிக்கணக்கான இழைகளிலிருந்து சலித்தெடுக்கப்படுபவை; ஏஎஸ்1411 அவ்வாறு தேடிப் பிடிக்கப்பட்டதன்று, வேறொரு நோக்கத்துடன் இழைகளைச் சோதித்தபோது தற்செயலாகக் கிட்டியது. எங்களுக்கு அதைவிட முக்கியமாக இருந்தது, குவானினுக்குப் பதிலாகச் சைட்டோசின் மிகுந்த, அதே நீளமுள்ள ஓர் இழை அதற்கு ஒப்பீடாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது என்பது. அந்த இரண்டாவது இழையை வாங்குவதற்கான செலவை முதலில் வீண் என்று எண்ணினேன். பின்னர் இந்தத் திட்டத்தில் எதையேனும் உறுதியாகச் சொல்ல முடிந்தது என்றால் அது அந்த இழையால்தான்.

அளவீட்டின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரைசலில் பெர்ரிசயனைடு, பெர்ரோசயனைடு அயனிகள் தலா 5 மில்லிமோலார் அளவில் இருக்கும். அவை தங்கப் பரப்புக்கு வந்து எலக்ட்ரான்களைக் கொடுத்து வாங்குவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதை, மின்னழுத்தத்தைச் செலுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவி கணக்கிடுகிறது. 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் வரை, 10 மில்லிவோல்ட் வீச்சுள்ள மாறுமின்னழுத்தத்தைச் செலுத்தினோம். பரப்பின் மீது ஒரு செல் அமர்ந்தால் அந்த அளவு இடம் அடைபடும், தடை உயரும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: வழக்கமாக இந்த அயனிகளை 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் கரைப்பார்கள், ஆனால் அந்தக் கரைசலின் சவ்வூடு அழுத்தம் செல்லுக்குள் இருப்பதைவிடக் குறைவு என்பதால் செல்கள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன. செல்கள் இருக்கும் அளவீடுகளுக்கு நாங்கள் பாஸ்பேட் தாங்கல் உப்புக் கரைசலையே, அதாவது ஆய்வகங்களில் பிபிஎஸ் என்று அழைப்பதையே, பயன்படுத்தினோம்.

தங்கத்தைத் துலக்குதல்

இந்த வேலையில் பாதி நேரம் தங்கத்தைத் துலக்குவதில்தான் போகும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 1 மைக்ரான், 0.3 மைக்ரான், 0.05 மைக்ரான் என்ற வரிசையில் அலுமினாக் குழம்பால் எட்டு வடிவில் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனாலிலும் நீரிலும் மீயொலித் தொட்டியில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். ஒவ்வொரு துகள் அளவுக்கும் தனித் துணி வேண்டும். எங்கள் துணிகள் ஒருமுறை இடம் மாறியதால் 0.05 மைக்ரான் துணியில் பெருந்துகள்கள் ஏறி, நாங்கள் ஒரு வாரம் முழுவதும் தங்கத்தைக் கீறிக்கொண்டே இருந்தோம். அதன் பிறகு 0.5 மோலார் கந்தக அமிலத்தில், மின்னழுத்தத்தை மேலும் கீழுமாக ஓட்டி, வளைகோடு மாறாமல் நிலைபெறும் வரை தூய்மைப்படுத்தினோம். தங்க ஆக்சைடு ஒடுங்கும் உச்சி, வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக ஏறக்குறைய 0.9 வோல்ட்டில் கூர்மையாகத் தெரிய வேண்டும். அந்த உச்சியின் பரப்பிலிருந்து கிடைக்கும் மின்னூட்டத்தை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 390 மைக்ரோகூலும் என்ற வழக்கமான மதிப்பால் வகுத்தால், தங்கத்தின் மெய்யான பரப்பு கிடைக்கும். வடிவியல் பரப்பைப் போல் இரு மடங்குக்கு மேல் வந்த மின்முனைகளை மீண்டும் துலக்க அனுப்பினோம்.

அடுத்தது, மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் வோல்டாமெட்ரிச் சோதனை. பெர்ரி/பெர்ரோசயனைடில் இரு உச்சிகளுக்கிடையே 25 பாகை செல்சியஸில் 59 மில்லிவோல்ட் இடைவெளி என்பது கோட்பாடு. 75 வரை ஏற்றுக்கொண்டோம். ராண்டில்ஸ்–செவ்சிக் சமன்பாட்டின்படி எங்கள் வட்டுக்கு, வினாடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில், சுமார் 37 மைக்ரோஆம்பியர் உச்சி மின்னோட்டம் வர வேண்டும். ஒருநாள் காலை முழுவதும் 20-ஐத் தாண்டாமல் இருந்தது. இரண்டு மின்முனைகளைத் திரும்பத் திரும்பத் துலக்கிய பிறகுதான் ஒப்பீட்டு மின்முனையின் நுண்துளை முனையில் ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்ததைக் கண்டோம். விரலால் இரண்டு தட்டுத் தட்டியதும் சரியாகிவிட்டது.

இழையை ஏற்றும் முறை பலருக்கும் தெரிந்ததே: கந்தக முனையின் இணைப்பை டிசிஇபி என்னும் ஒடுக்கும் வேதிப்பொருள் கொண்டு ஒடுக்கி, பொட்டாசியம் உள்ள தாங்கல் கரைசலில் 95 பாகைக்குச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு, 1 மைக்ரோமோலார் அளவில் தங்கத்தின் மீது இரவு முழுதும் விட்டோம். மறுநாள் 1 மில்லிமோலார் மெர்காப்டோஹெக்சனாலில் ஒரு மணி நேரம் வைத்தோம். இழைகளுக்கிடையே வெறுமையாக இருக்கும் தங்கத்தை இந்தச் சிறிய மூலக்கூறு நிரப்பும். படுத்துக் கிடக்கும் இழைகளையும் தூக்கி நிறுத்தும். துளி காயாமல் இருக்க, ஈரமான வடிதாளை உள்ளே வைத்து மூடிய பெட்ரித் தட்டு போதுமானது. வெறும் தங்கத்தில் 200 ஓமுக்குக் கீழிருந்த தடை இந்தக் கட்டத்தில் 2 கிலோஓமை ஒட்டி வந்து நின்றது. எதிர்மின்னூட்டமுள்ள டிஎன்ஏ, எதிர்மின்னூட்டமுள்ள பெர்ரி/பெர்ரோசயனைடு அயனிகளை விலக்குவதே அதற்குக் காரணம்.

அக்கா கேட்ட கேள்வி

எம்சிஎஃப்-7 செல்கள் 1970-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில், ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சூழ்ந்திருந்த நீரிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டவை. பெயரிலுள்ள 7 என்பது ஏழாவது முயற்சியில்தான் அவை பிழைத்தன என்பதைக் குறிக்கிறது. இந்தியாவில் பல ஆய்வகங்களைப் போல எங்கள் பக்கத்துத் துறையினரும் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து வாங்கி வளர்த்து வந்தார்கள். வேதியியல்காரர்களாகிய எங்களுக்குச் செல் என்பது ஒரு வினைபொருளாகவே தெரிந்தது: குடுவையில் வரும், துளியாக எடுக்க வேண்டும், மின்முனையில் வைக்க வேண்டும்.

முதல் முடிவைப் பெருமையோடு காட்டியபோது, செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த ஆய்வாளரான அக்கா வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “மீடியாவ மட்டும் தனியா வெச்சுப் பாத்தியா, தம்பி?” பார்க்கவில்லை. செல்களைச் சென்ட்ரிபியூஜில் இறக்கிவிட்டு மேலே நின்ற தெளிந்த வளர்ப்பு ஊடகத்தை மட்டும் எடுத்து, அதே ஒரு மணி நேரம் வேறொரு மின்முனையில் வைத்தோம். 2.0 கிலோஓம் 5.9 கிலோஓமாக உயர்ந்தது. ஊடகத்தில் பத்து விழுக்காடு கன்றுக் கருச் சீரம் இருந்தது; அதிலுள்ள ஆல்புமினும் பிற புரதங்களும் பரப்பில் படிந்து கொடுத்த உயர்வையே நாங்கள் புற்றணுவின் குறிகை என்று கொண்டாடியிருந்தோம்.

அன்றிரவு ஒரு காகிதத்தில் போட்ட கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். கரைசலில் மிதக்கும் எம்சிஎஃப்-7 செல் ஒன்றின் விட்டத்தை 18 மைக்ரான் என்று கொண்டால், அது மறைக்கும் பரப்பு ஏறக்குறைய 254 சதுர மைக்ரான். எங்கள் தங்க வட்டின் பரப்பு 3.14 சதுர மில்லிமீட்டர். அதை முழுக்க மூடச் சுமார் 12,400 செல்கள் நெருக்கியடித்து அமர வேண்டும். நாங்கள் வைத்ததோ மில்லிலிட்டருக்கு 1,00,000 செல்கள் என்ற அடர்த்தியில் 10 மைக்ரோலிட்டர், அதாவது மொத்தமே 1,000 செல்கள். அத்தனையும் தங்கத்தின் மீதே விழுந்து அத்தனையும் ஒட்டிக்கொண்டாலும் மறைவது 8 விழுக்காடு. மறையாமல் எஞ்சும் பரப்பின் வழியே மட்டும் பரிமாற்றம் நடக்கும் என்று கொண்டால், தடை உயர வேண்டியதும் 9 விழுக்காட்டை ஒட்டித்தான். 200 விழுக்காடு உயர்வைக் கண்டபோது மகிழ்ச்சிக்குப் பதிலாக ஐயம் வந்திருக்க வேண்டும். செல்லின் சவ்வில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அது தன் நிழலைவிடச் சற்று அதிகமாகவே அயனிகளைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சற்று அதிகம் இருபது மடங்கு ஆகாது.

கழுவியதும் மறைந்த குறிகை

அதன் பிறகு செல்களை மென்மையான வேகத்தில் மும்முறை சுழற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் புதிய பிபிஎஸ்-இல் கலக்கிக் கழுவினோம். மூன்றாம் கழுவுநீரைத் தனியே எடுத்து வெறும் ஒப்பீடாக ஒவ்வொரு நாளும் அளப்பதை வழக்கமாக்கினோம். சீரத்தின் தொல்லை நீங்கியது. அதோடு குறிகையும் நீங்கிவிட்டது. மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல்கள் வைத்தும் 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று காரணங்கள் இருந்ததால் பிரித்தறிவது கடினமாக இருந்தது. முதலாவது டிரிப்சின். குடுவையின் அடியில் ஒட்டி வளரும் செல்களைப் பெயர்த்தெடுக்க அந்த நொதியைப் பயன்படுத்துவது அன்றாட வழக்கம். டிரிப்சின் என்பது புரதங்களை வெட்டும் நொதி. செல்லைக் குடுவையோடு பிணைக்கும் புரதங்களை வெட்டும்போது, சவ்வின் வெளிப்புறத்தில் நாங்கள் தேடும் புரதத்தையும் அது மழித்துவிடுகிறது. அடுத்த குடுவைக்கு மாற்றி வளர்ப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று, செல் சில மணி நேரத்தில் மீண்டும் புரதங்களைச் செய்துகொள்ளும். சவ்வின் மேற்பரப்பையே அடையாளமாகக் கொள்ளும் உணரிக்கோ அது அடித்தளத்தையே பறிப்பதாகும். டிரிப்சினை விட்டுவிட்டு, கால்சியத்தைப் பிடித்து ஒட்டுதலைத் தளர்த்தும் ஈடிடிஏ மட்டும் கலந்த பிபிஎஸ்-இல் 37 பாகையில் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்து, பிப்பெட்டால் மெல்ல அடித்துப் பெயர்த்தோம். நேரம் கூடுதல், செல்கள் சிறு கொத்துகளாக வருவதும் உண்டு, ஆனால் முதல் நாளிலேயே வேறுபாடு தெரிந்தது.

இரண்டாவது காரணம் செத்த செல்கள். கொத்துகளைப் பிரிக்கப் பிப்பெட்டால் அளவுக்கு மீறி அடித்தால் செல்கள் சாகும். ஏஎஸ்1411-ஐப் பொறுத்தவரை செத்த செல் வெறும் இழப்பு மட்டுமன்று, பொய்ச் சாட்சியும் ஆகும். சவ்வு கிழிந்த செல்லில், எல்லாச் செல்களுக்கும் பொதுவான உட்கருவின் நியூக்ளியோலின் வெளிப்பட்டுவிடுவதால், நலமான செல்லும் புற்றணுபோல் ஒட்டக்கூடும். எனவே செத்த செல்களை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் நீலம் கலந்து, ஹீமோசைட்டோமீட்டர் என்னும் கட்டமிட்ட எண்ணும் கண்ணாடியில் எண்ணி, உயிருள்ளவை 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்தத் தொகுதியை அன்றைக்குக் கைவிட்டோம். நான்கு மூலைக் கட்டங்களின் சராசரியை 10,000-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டருக்கான எண்ணிக்கை. நீலம் சேர்த்த நீர்ப்பை மறக்காமல் பெருக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், ஏனென்றால் இருமுறை மறந்திருக்கிறோம்.

மூன்றாவது காரணம் எளிய வடிவியல். கோல் வடிவ மின்முனையை வழக்கம்போல் முகம் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் செல்கள் அதை விட்டு விலகி அடியில் போய்ப் படியும். 18 மைக்ரான் செல், தன் அடர்த்தி நீரைவிடச் சிறிதே கூடுதல் என்றாலும், ஸ்டோக்ஸ் விதிப்படி வினாடிக்கு ஏறக்குறைய 9 மைக்ரான் வேகத்தில் இறங்கும். 3 மில்லிமீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்கு ஐந்தாறு நிமிடங்கள் போதும். நாங்கள் மின்முனையைத் தலைகீழாக நிறுத்தி, சிலிக்கோன் குழாயால் அதன் முகத்தைச் சுற்றி ஒரு கிண்ணம் அமைத்திருந்தோம். ஆனால் கோலின் விட்டம் 6 மில்லிமீட்டர், தங்கத்தின் விட்டம் 2. கிண்ணத்தின் தரையில் சீராகப் படியும் செல்களில் ஒன்பதில் ஒரு பங்குதான் தங்கத்தின் மீது விழுகிறது, மற்றவை சுற்றியுள்ள பிளாஸ்டிக்கின் மீது வீணாகின்றன. 3 மில்லிமீட்டர் துளையிட்ட சிலிக்கோன் தகட்டை நடுவே பொருந்தும்படி ஒட்டியதும் அந்தப் பங்கு ஒன்பதில் நான்காக உயர்ந்தது. தகட்டை நடுவில் சரியாக ஒட்டுவதற்கு, அதே கோலைச் செருகக்கூடிய ஒரு வார்ப்பை முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொண்டோம்.

செல்லே வைக்காமல் நகரும் அளவு

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும், செல் எதுவும் வைக்காத மின்முனையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் தடை தானாகவே நகர்ந்தது. இதற்குக் காரணம் அளவிடும் அயனியேதான். பெர்ரி/பெர்ரோசயனைடு கரைசலில், குறிப்பாக வெளிச்சம் பட்டால், சிறிதளவு சயனைடு பிரியும். சயனைடு தங்கத்தைக் கரைக்கும் என்பது சுரங்கத் தொழில் அறிந்த செய்தி. தங்கம் அரிக்கப்படும்போது அதன் மீது நிற்கும் இழைகளும் பெயர்கின்றன. கரைசலை அன்றன்று தயாரித்து, பழுப்புக் குப்பியில் அலுமினியத் தாள் சுற்றி வைத்து, ஒவ்வொரு அளவீட்டையும் முடித்தவுடன் மின்முனையை வெறும் பிபிஎஸ்-க்கு மாற்றினோம். ருத்தேனியம் ஹெக்சாஅமீனையும் முயன்றோம். அது தங்கத்தை அரிப்பதில்லை, ஆனால் அது வினைபுரியும் மின்னழுத்தம் எதிர்ப்பக்கம் இருப்பதால் கரைந்துள்ள ஆக்சிஜன் குறுக்கிடுகிறது. ஒவ்வொரு முறையும் நைட்ரஜன் செலுத்திச் செல்களைக் கலைப்பதைவிடப் பழைய அயனியையே அளவோடு பயன்படுத்துவது மேல் என்று முடிவு செய்தேன். நகர்வு முழுமையாக நிற்கவில்லை. முப்பது நிமிடத்தில் 3 முதல் 4 விழுக்காடு வரை இருந்ததை, உடன்வைத்த வெற்று மின்முனையைக் கொண்டு கழித்துக்கொண்டோம்.

50 ஹெர்ட்ஸை ஒட்டிய புள்ளிகள் மட்டும் அரைவட்டத்திலிருந்து துள்ளி நின்றதற்கு மின்விசிறியும் குழல் விளக்கும் காரணம். தீபாவளிக்கு முறுக்கு வந்த பெரிய தகர டின் ஒன்றில் கம்பிகள் நுழையத் துளையிட்டு, பெயின்ட்டைச் சுரண்டிப் புவியிணைப்புக் கொடுத்து, மின்முனைகளை அதற்குள் வைத்தோம். வெளி மின்புலங்களைத் தடுக்க விலைக்கு விற்கும் பாரடே கூண்டு செய்வதை அது குறையின்றிச் செய்கிறது.

கிடைத்த அளவுகள்

இறுதியாக நம்பத்தக்கதாகக் கிடைத்தவை இவை. மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் எம்சிஎஃப்-7 செல்கள், 20 மைக்ரோலிட்டர், 45 நிமிடம், அதன்பின் மும்முறை மென்மையான கழுவல்: ஏஎஸ்1411 ஏற்றிய ஐந்து மின்முனைகளில் சராசரித் தடை 2.2 கிலோஓமிலிருந்து 3.8 கிலோஓமாக, அதாவது 73 விழுக்காடு உயர்ந்தது. சைட்டோசின் மிகுந்த ஒப்பீட்டு இழை ஏற்றிய ஐந்தில் உயர்வு 13 விழுக்காடு. இம்முறை எண்ணை அப்படியே நம்பாமல், செல்களை நிலைப்படுத்திச் சாயமேற்றி, உலோகவியல் மாதிரிகளைப் பார்க்கும் எதிரொளிப்பு நுண்ணோக்கியில் தங்கப் பரப்பைப் பார்த்து, சில புலங்களில் எண்ணி முழுப் பரப்புக்கும் கணக்கிட்டோம். ஏஎஸ்1411 மின்முனையில் சுமார் 5,000 செல்கள், ஒப்பீட்டில் சுமார் 800. 5,000 செல்கள் என்றால் 40 விழுக்காடு மறைப்பு. அதற்கு எதிர்பார்க்கும் தடை உயர்வு 67 விழுக்காடு. கண்ணால் கண்ட செல்களும் மின்னால் அளந்த தடையும் முதன்முறையாக ஒரே கதையைச் சொன்னது அன்றுதான், அந்த வரைபடத்தை முதல் நாள் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். முதல் நாளுடையது அதைவிட அழகாகத்தான் இருக்கிறது.

மில்லிலிட்டருக்கு 1,00,000 செல்களில் நிலைமை வேறு. தங்கத்தில் விழக்கூடியவை 900 செல்களுக்குள். கழுவிய பின் நிற்பவை இன்னும் குறைவு. எதிர்பார்க்கும் உயர்வு 4 அல்லது 5 விழுக்காடு. வெற்று மின்முனைகளின் சிதறலே 6 விழுக்காடு. எனவே எங்கள் உணரியின் நேர்மையான எல்லை மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் செல்கள் என்றே ஆய்வேட்டில் எழுதினேன். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, வெளியான கட்டுரைகளில் மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவான செல்களையே கண்டறிந்ததாக இருக்கிறதே என்று கேட்டார். அவற்றுள் சில, குறிகையை நொதியாலும் நுண்துகளாலும் பல மடங்கு பெருக்குபவை, அல்லது செல்களைக் காந்தமணிகளால் முன்கூட்டியே திரட்டுபவை. அவற்றோடு எனக்குப் பிணக்கில்லை. வேறு சிலவோ அளந்த புள்ளிகளின் வழியே ஒரு நேர்கோடு வரைந்து, சிதறலின் மூன்று மடங்கைச் சரிவால் வகுத்து, எல்லையைக் கணக்கில் மட்டும் கண்டவை. 10 மைக்ரோலிட்டர் துளியில் மில்லிலிட்டருக்கு 5 செல்கள் என்றால், துளிக்கு 0.05 செல். இருபது துளி வைத்தால் ஒன்றில் ஒரு செல் இருக்கலாம். செல் என்பது குளுக்கோஸ் போலக் கரைந்து பரவும் பொருளன்று என்பதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது.

குளுக்கோஸை ஒப்பிடுவதற்குக் காரணம், மின்வேதி உயிருணரிகள் எல்லாவற்றுக்கும் மூத்தது லேலண்ட் கிளார்க் 1962-இல் முன்வைத்த குளுக்கோஸ் மின்முனை என்பதும், இன்று வீட்டில் விரல் நுனியைக் குத்திப் பார்க்கும் கருவி அதன் வழிவந்தது என்பதும்தான். புற்றுநோய்க்கும் அப்படியொன்று ஏன் இல்லை என்று உறவினர்கள் கேட்கும்போது நான் எண்ணிக்கையைத்தான் சொல்வேன். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஏறக்குறைய 3-ஐத் தொடர்ந்து பதினெட்டுச் சுழியங்கள். பரவிய நோய் உள்ளவரிடமும் அதே ஒரு மில்லிலிட்டரில் சுற்றும் புற்றணுக்கள் பெரும்பாலும் ஒன்றோ சிலவோதான், சுற்றிலும் 500 கோடி சிவப்பணுக்கள். 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செல்சர்ச் முறை, 7.5 மில்லிலிட்டர் இரத்தத்திலிருந்து புற்றணுக்களைக் காந்தத்தால் திரட்டி, சாயமேற்றி, படமெடுத்து எண்ணுகிறது. பரவிய மார்பகப் புற்றில் ஐந்தும் அதற்கு மேலும் என்பதே அங்கே கவலைக்குரிய எல்லை. அந்த ஐந்துக்கு முன்னால் எங்கள் மூன்று லட்சத்தை வைத்துப் பார்த்தால், நாங்கள் கட்டியது நோயறியும் கருவியன்று, குடுவையில் வளர்ந்த செல்களை அடையாளம் காணும் பயிற்சிக் கருவி.

சிறிய மின்முனையும் நீண்ட கூம்பும்

எல்லையைக் கீழிறக்க எனக்கு முதலில் தோன்றிய வழி மின்முனையைச் சிறிதாக்குவது. 250 மைக்ரான் விட்டமுள்ள தங்கக் கம்பியை எபாக்சியில் பதித்து, குறுக்கே அறுத்து, முகத்தைத் துலக்கினால் ஒரு நுண்வட்டு கிடைக்கும். அதை முழுக்க மூட ஏறக்குறைய 190 செல்கள் போதும். மூன்று வாரம் செலவிட்டு ஆறு மின்முனைகளைச் செய்தோம். அவற்றுள் இரண்டில் எபாக்சிக்கும் கம்பிக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்ததை, சாய்ந்து கிடந்த வோல்டாமெட்ரி வளைகோடு காட்டிக்கொடுத்தது. மீதி நான்கிலும் பழைய 3 மில்லிமீட்டர்க் கிண்ணத்தைப் பொருத்தி, பழைய அடர்த்தியில் செல்களை வைத்து அளந்தால், விழுக்காட்டு உயர்வு பெரிய மின்முனையில் வந்த அதேதான்.

யோசித்துப் பார்த்தால் வேறெப்படி இருக்கும்? ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல்கள் படிகின்றன என்பது, கரைசலின் அடர்த்தியையும் அதற்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தையும் மட்டுமே பொறுத்தது. மழைமானியின் வாய் சிறிதானாலும் பெரிதானாலும் பெய்த மழை ஒரே மில்லிமீட்டர்தான். வாயை மாற்றாமல் புனலை மாற்ற வேண்டும்.

இப்போது மேசையில் இருப்பது 1 மில்லிலிட்டர் பிப்பெட்டின் நுனி. அதன் குறுகிய முனையை விட்டம் 1 மில்லிமீட்டர் வரும் இடத்தில் வெட்டி, துலக்கிய நுண்வட்டின் மீது நடுவாக நிறுத்தி ஒட்டினால், செங்குத்தாக நிற்கும் கூம்பு கிடைக்கிறது. மில்லிலிட்டருக்கு 1,000 செல்கள் கொண்ட கரைசலில் 500 மைக்ரோலிட்டர் ஊற்றினால் 500 செல்கள், அவற்றுள் பெரும்பகுதி சுவரில் சறுக்கி அடியிலுள்ள 1 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் வந்துசேர வேண்டும். மூன்று சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்க ஒரு மணி நேரம் போலாகும். முதல் இரண்டு முயற்சிகளில் செல்கள் பாலிபுரோப்பிலீன் சுவரிலேயே ஒட்டி நின்றுவிட்டன. ஆல்புமின் கரைசலால் சுவரை மட்டும் பூசி, தங்கத்தின் மீது ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். கூம்பை ஒட்டுவதற்கு முன்பே தனியாக முக்கி எடுத்து, காயவைத்து, பிறகு ஒட்டிப் பார்க்கப் போகிறோம். அந்தக் கூம்பிலும் முதலில் ஊற்றப் போவது செல்கள் நீக்கிய கழுவுநீர்தான்.